தொழுவத்து யூரியாவும் மூட்டை யூரியாவும்

நைட்ரஜனுக்குத் தமிழ் உழவர் வைத்திருக்கும் பெயர் தழைச்சத்து. கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. இட்ட நாலைந்து நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டும், தூர் வெடிக்கும், தழைக்கும். டச்சு மொழியில் அதே தனிமத்துக்கு 'ஸ்டிக்ஸ்டோஃப்' என்று பெயர். மூச்சடைக்க வைக்கும் பொருள் என்பது அதன் நேர்ப்பொருள். இந்த வளி மட்டுமே நிரம்பிய இடத்தில் உயிர்கள் திணறுவதைக் கண்ட பழைய வேதியியலாளர்கள் இட்ட பெயர் அது. உழவோடு அதற்குத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இரு நூற்றாண்டு கழித்து அந்தப் பெயர் வேறொரு வகையில் பலித்துவிட்டது. 2019 மே 29 அன்று நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம், அந்நாட்டு அரசின் நைட்ரஜன் திட்டம் இயற்கைக் காப்புப் பகுதிகளைக் காக்கப் போதாது என்று தள்ளியது. பண்ணைகளுக்கான அனுமதிகளோடு வீடு, சாலை கட்டுவதற்கான அனுமதிகளும் நின்றன. அக்டோபரில் டிராக்டர்கள் தி ஹேக் நகரை நோக்கி அணிவகுத்தன. 2023 மார்ச்சில் நடந்த மாகாணத் தேர்தலில், அந்தக் கோபத்தைச் சுமந்து வந்த புதிய உழவர் கட்சி எல்லாக் கட்சிகளையும் முந்தியது. நம் ஊரில் தழைக்க வைக்கும் சத்து அங்கே ஓர் அரசியலையே மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. அந்த நாட்டுப் பன்றித் தொழுவத்தையும் காவிரிப் படுகையின் நெல்வயலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ள ஒப்பீடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும். தஞ்சாவூரில் பன்றி ஏது? உண்மைதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். காவிரிப் படுகையைப் போல மூன்று மடங்குகூட இல்லாத நெதர்லாந்தில் அதே காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம். விலங்கை விலங்கோடு ஒப்பிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒப்பிட வேண்டியது விலங்கை அன்று. அது கழிக்கும் நைட்ரஜனை. பன்றி தின்ற தீவனத்திலுள்ள நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு அளவே இறைச்சியாக உடலில் தங்குகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில் போகிறது, யூரியா என்ற வடிவில். 1828இல் ஃபிரீட்ரிஷ் வோலர் என்ற ஜெர்மானியர் எந்த உயிரின் சிறுநீரகமும் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியதும் இதே யூரியாதான். கூட்டுறவுச் சங்கத்தில் 45 கிலோ மூட்டையாக வாங்குவதும் இதுவே. பன்றியின் மூத்திரத்தில் இருக்கும் மூலக்கூறுக்கும் மூட்டையில் இருப்பதற்கும் அணுவளவும் வேறுபாடு கிடையாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி பட்டதும் இரண்டும் ஒன்றுபோல் உடைந்து அம்மோனியா ஆகின்றன. ஒன்றுபோல் காற்றில் பறக்கின்றன. தொழுவத்துக்குள் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி, உரம் வீசிய வயலிலும் எழத்தான் செய்கிறது. காற்றோட்டமான வெளியில் அது மூக்குக்கு எட்டுவதில்லை, அவ்வளவே.

நெதர்லாந்து இந்தச் சிக்கலுக்குள் போன வழி நமக்குப் பாடமாவதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராட்டர்டாம் துறைமுகத்தில் மலிவாக வந்திறங்கிய சோயாவையும் தாய்லாந்து மரவள்ளியையும் நம்பி, பிரபாண்ட் முதலிய தெற்கு மாகாணங்களின் மணற்பாங்கான நிலத்தில் பன்றிப் பண்ணைகள் பெருகின. தீவனம் விளைந்த மண் பிரேசிலில். சாணம் விழுந்த மண் பிரபாண்டில். சாணம் தன் வயலுக்குத் திரும்பும் பழைய சுற்று அறுந்தது. சிறிய நிலத்தில் அளவுக்கு மீறிக் குவிந்த குழம்புச் சாணம் எருவாக இருந்த நிலை மாறிக் குப்பையானது. 1984இல் புதிய பன்றி, கோழிப் பண்ணைகளுக்கு அரசு அவசரமாகத் தடை விதித்தது. 1990களின் தொடக்கம் முதல் சாணக் குழம்பை நிலத்தின்மேல் பீய்ச்சுவது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. மண்ணைக் கீறி உள்ளே செலுத்தியாக வேண்டும், இல்லையேல் உடனே உழுது மூட வேண்டும். குழம்புத் தொட்டிகளுக்கு மூடி கட்டாயமானது. குளிர்காலத்தில் பயிர் உறிஞ்சாத மாதங்களில் இடக்கூடாது என்றானது. 1998இல் இன்னொரு படி ஏறினார்கள். ஒவ்வொரு பண்ணையும் உள்ளே வந்த தீவனம், உரம் ஆகியவற்றின் நைட்ரஜனையும், வெளியே போன இறைச்சி, பால், தானியத்தின் நைட்ரஜனையும் பேரேட்டில் எழுத வேண்டும். உபரி வரம்பைத் தாண்டினால் தண்டம். ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் இந்த முறை ஒன்றியத்தின் நைட்ரேட் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லியதால் அது கைவிடப்பட்டது. ஆனாலும் எழுதிப் பழகிய கணக்கு நின்றது. 1990இல் இருந்த அம்மோனியா வெளியேற்றத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் 2020க்குள் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பங்கு இரண்டு எளிய காரியங்களால் வந்தது: மூடி வைத்தது, மண்ணுக்குள் இட்டது. பிறகு ஏன் 2019 நெருக்கடி? விலங்குகளின் எண்ணிக்கையில் பெரிய அளவில் கைவைக்கும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை. வழியை அடைத்தார்கள், ஊற்றைத் தொடவில்லை.

இப்போது நம் பக்கம். 1960-61இல் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்த திட்டம் அது. ஆடுதுறை நிலையத்தின் ஏடிடி 27 போன்ற, உரத்துக்கு ஈடுகொடுக்கும் ரகங்கள் வந்ததும் ரசாயன உரம் அடியுரமாகவும் மேலுரமாகவும் ஊன்றிவிட்டது. இன்று குறுகிய கால நெல்லுக்குக் காவிரிப் படுகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். எனவே 326 கிலோ யூரியா, அதாவது ஏழேகால் மூட்டை. குறுவையும் தாளடியும் எடுக்கும் வயலுக்கு ஆண்டுக்கு 300 கிலோ தழைச்சத்து ஆகிறது. இந்த இடத்தில் நெதர்லாந்தின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்நாட்டுக் கால்நடை முழுவதும் சேர்ந்து ஆண்டுக்குக் கழிக்கும் நைட்ரஜன் ஏறத்தாழ 50 கோடி கிலோ. விளைநிலம் சுமார் 18 லட்சம் ஹெக்டேர். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. உலகமே பார்த்து முகம் சுளிக்கும் சாணச் சுமை, நம் இருபோக வயலுக்குப் பரிந்துரைக்கப்படும் யூரியாச் சுமையைவிடச் சற்றுக் குறைவு.

இந்த ஒப்பீடு அநியாயம் என்று சொல்ல இடமுண்டு. நெதர்லாந்து அந்தச் சாணத்தோடு நிற்பதில்லை, அதன் மேல் ரசாயன உரமும் இடுகிறது. நம் வயலோ இரண்டு போக நெல் தருகிறது. ஒரு டன் நெல்லுக்கு 15 முதல் 20 கிலோ நைட்ரஜனைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சரி. ஆனால் பயிர் எடுக்கும் நைட்ரஜனில் கணிசமான பகுதி மண்ணின் இருப்பிலிருந்தே வருகிறது. இட்ட யூரியாவில் நெல் பிடித்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு என்பது ஆசிய நெல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. ஏழேகால் மூட்டையில் மூன்று மூட்டை பயிருக்குச் சேர்ந்தால் அது நல்ல வயல். மிச்சத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது; மற்றது காற்றிலும் நீரிலும் போகிறது.

எப்படிப் போகிறது என்பதில்தான் இந்த நிலத்துக்கே உரிய சங்கதி இருக்கிறது. நட்டு இரண்டு மூன்று வாரம் ஆன குறுவை வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பயிர் இன்னும் மூடவில்லை, இடைவெளியில் நிற்கும் நீரில் வெயில் நேராக விழுகிறது, பாசி தழைக்கிறது. பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை ஏறி நண்பகலில் பி.எச். 9ஐத் தாண்டுகிறது. நடுநிலையான நீரில் அம்மோனியாவாகப் பறக்கக்கூடிய பங்கு நூற்றில் ஒன்று அளவே. 9ஐத் தாண்டினால் பாதியளவு பறக்கத் தயாராக நிற்கும். அந்த நீரில் யூரியாவை வீசினால் இரண்டொரு நாளில் உடைந்து அம்மோனியா ஆகிறது. அதைத் தூக்கிச் செல்லக் காற்று வேண்டும். குறுவையின் முதல் மேலுரம் விழுவது ஆடிக்காற்றில். 1980களில் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களும் செய்த அளவீடுகள், இளம் பயிரில் நிற்கும் நீரில் வீசிய யூரியாவில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இப்படியே பறப்பதைக் காட்டின. பயிர் மூடிய பின், கதிர் உருவாகும் பருவத்தில் இட்டால் நிழலில் பாசி அடங்கிவிடுவதால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேலுரம் வாங்கும் சம்பாவிலோ வெயிலும் பாசியும் குறைவு, ஆனால் அடைமழை வரப்பைத் தாண்டி உரத்தை அடித்துக்கொண்டு போகிறது. வயலுக்கு வயல் நீர் பாயும் இடங்களில் மேல்வயல்காரர் காசு கொடுத்து வாங்கிய உரம் கீழ்வயலில் பச்சை கட்டுவதும் உண்டு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புது ஆற்றுப் பாசன நிலம் பழைய படுகையின் களியைப் போல் இறுகியதில்லை. அங்கே நைட்ரேட் கீழே இறங்கி நிலத்தடி நீருக்குப் போக வழி எளிது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம்.

டச்சுக்காரருக்குச் சட்டம் தடுப்பது எதுவோ, அதை நாம் முறை என்றே செய்துகொண்டிருக்கிறோம். யூரியா உள்ள குழம்பை மேற்பரப்பில் பரப்பினால் அங்கே குற்றம். யூரியாவை மேற்பரப்பில் தூவுவது இங்கே சாகுபடி. ஜெர்மனியில் 2020 பிப்ரவரி முதல் மூட்டை யூரியாவுக்கே இந்த விதி வந்துவிட்டது: யூரியேஸைத் தடுக்கும் பொருள் சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்குள் மண்ணில் கலந்தாக வேண்டும்.

'நம் முன்னோர் சாணமும் கிடையும் வைத்தே விளைவித்தார்கள். பழைய முறைக்குத் திரும்பினால் இழப்பே இருக்காது' என்ற பதில் இங்கே பலரிடமிருந்து வரும். கிடையின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து வயலில் இரவு அடைப்பது இன்றும் நடக்கிறது. தொழுவத்தில் வீணாகும் மூத்திரம் கிடையில் நேராக மண்ணில் இறங்குகிறது. 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்ற பழமொழியில் ஒரு வேதியியலே அடங்கியிருக்கிறது. ஆட்டுக் கிடையில் உடனே பயிருக்கு உதவும் மூத்திரச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. மாட்டு எருவில் அது தொழுவத்து மண்தரையிலேயே போய்விட, மெதுவாக மக்கும் நார் மட்டும் வயலுக்கு வருகிறது. 1889இல் இந்தியா வந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், சாணத்தை எரிப்பதற்கு விறகுப் பஞ்சமே காரணம், அறியாமை காரணமில்லை என்று இந்திய உழவருக்காக வாதாடியவர். மாட்டு மூத்திரம் வீணாவதைப் பற்றி அவரும் குறைபட்டிருக்கிறார்.

ஆனால் கிடையும் கசிவில்லாத பாத்திரம் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த மண்ணின்மேல் விழுந்த மூத்திரம் உழுது மூடும்வரை பறந்துகொண்டே இருக்கும். தப்பித்தது காற்றோட்டமுள்ள வறண்ட மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. சம்பா, தாளடிக்குப் பின் வந்த உளுந்தும் பயறும் விட்டுச்சென்ற வேர்ச்சத்தும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து வயல் சேறானதும், காற்று அற்ற மண்ணின் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஜன் வளியாக வானுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. புவியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு வலியது. கோடை முழுவதும் சேர்ந்த சேமிப்பு, முதல் தண்ணீரில் செலவாகிறது. சத்து இயற்கையிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று நுண்ணுயிர் பார்ப்பதில்லை. பழைய முறையில் இதற்கு மாற்று இருந்தது என்பதும் உண்மை: கோடை மழையில் தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ விதைத்தால் அது மண்ணிலுள்ள நைட்ரேட்டை இழுத்துத் தழையில் வைத்துக்கொள்ளும்; மடக்கி உழுதால் சேற்றில் பத்திரமாக இறங்கும். பசுந்தாள் உரம் என்றால் காற்றிலிருந்து சத்தைப் பிடிப்பது என்று மட்டுமே நினைக்கிறோம். கையிலிருப்பதை விடாமல் பிடிப்பதும் அதன் வேலை. நெதர்லாந்தில் மணற்பாங்கான நிலத்தில் மக்காச்சோளம் அறுத்த உழவர் இப்படியொரு பிடிபயிரை விதைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

கிடை கட்டினோம், தக்கைப்பூண்டு உழுதோம், தொழுவுரம் அடித்தோம். அதன் பிறகும் யூரியா அதே ஏழேகால் மூட்டைதான் என்றால் மேலே சொன்ன எதற்கும் பொருளில்லை. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது பரிந்துரை. அரை விழுக்காடு நைட்ரஜன் என்று வைத்தாலும் 62 கிலோ. அதில் ஒரு பகுதியாவது இந்தப் பயிருக்குக் கிடைக்கும். அந்தப் பகுதியைக் கழித்துக்கொண்டு மூட்டை வாங்கும் வழக்கம் பரவலாக இல்லை. டென்மார்க் இதைச் சட்டமாகவே எழுதியது: பன்றிச் சாணக் குழம்பின் நைட்ரஜனில் 75 விழுக்காடு பயிருக்குப் பயன்படும் என்று உழவர் வைத்துக்கொள்ள வேண்டும், மிச்சத்துக்கு மட்டுமே ரசாயன உரம். சாணத்தை வீணாக்கினால் தன் விளைச்சல் குறையும் என்பதால் உழவரே தொட்டியை மூடினார். 1990க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் நைட்ரஜன் உரப் பயன்பாடு ஏறக்குறையப் பாதியாகியது.

இங்கே கழிக்கத் தூண்டுவது எது? ஒரு மூட்டை வேம்பு பூசிய யூரியா 266 ரூபாய் 50 காசு. ஏழேகால் மூட்டையும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு உள்ளேதான். நடவுக்கும் அறுவடைக்கும் ஆகும் செலவின் முன்னால் அது ஒரு பொருட்டில்லை. பாதி பறந்தாலும் கை கடிக்காது. குத்தகை நிலத்தில் விளைச்சல் குறைந்துவிடுமோ என்று அஞ்சுபவர் ஒரு மூட்டை கூட்டியே வீசுவார், அவரளவில் அது அறிவான முடிவு. 2010இல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபோது யூரியாவை அதில் சேர்க்காமல் விட்டதால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் விலை ஏற, யூரியா மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அதற்காக விலையை ஏற்றுவதே வழி என்ற பொருளியல் வாதத்தை நான் ஏற்கவில்லை. தூவுவதைத் தவிர வேறு வழி கையில் இல்லாதவரிடம் விலையை ஏற்றினால் அவர் குறைவாகத் தூவுவார். இழப்பின் விழுக்காடு அப்படியே இருக்கும், விளைச்சல்தான் விழும். இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது பெரும்போகம் கைநழுவியிருந்தது. அதே கொழும்பில்தான், 2019 அக்டோபரில், 2030க்குள் நைட்ரஜன் வீணாவதைப் பாதியாக்குவோம் என்ற பிரகடனம் பல நாடுகள் கூடி வெளியிடப்பட்டது. வீணைப் பாதியாக்குவதும் உரத்தையே நிறுத்துவதும் ஒன்றென்று எண்ணியதன் விலையை நெல் விவசாயிகள் கொடுத்தார்கள்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2017இல் நெடுவாசல் கிராமம் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. இரண்டும் நல்லதே. ஆனால் யூரியா பிறப்பதும் இயற்கை எரிவாயுவில்தான். எங்கோ ஒரு மண்ணிலிருந்து எடுத்த வாயு நம் வயலில் விழுந்து, அதில் ஒரு பெரும்பங்கு ஆடிக்காற்றில் போவதைப் பற்றி நம் போராட்ட மொழியில் ஒரு சொல்லும் இல்லை.

வழிகள் புதியவையல்ல. யூரியாவை ஜிப்சத்தோடும் வேப்பம் புண்ணாக்கோடும் 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடச் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2015 முதல் எல்லா யூரியாவும் வேம்பு பூசியே வருகிறது. சத்து நைட்ரேட்டாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்தும், அம்மோனியாவாகப் பறப்பதைத் தடுக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இலைவண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழ் வெளுத்தால் மட்டும் மேலுரம் இடும் முறை எளியது, மலிவானது. நீரை வடித்துவிட்டு ஈரச்சேற்றில் யூரியாவைத் தூவி மறுநாள் நீர் கட்டினால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். 'முறைப்பாசனத்தில் அரும்பாடுபட்டு வந்த தண்ணீரை எவன் வடிப்பான்?' என்ற மறுப்பு நியாயமானது. கடைமடைக்காரருக்கு அந்த அறிவுரை கேலியாகவே படும். அங்கே நீர் தானாகச் சுண்டும் நாளுக்கு மேலுரத்தைத் தள்ளிவைப்பதே செய்யத்தக்கது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று மாற்றி மாற்றி நீர் கட்டுவது மீத்தேனைக் குறைக்கும். ஆனால் காயும் நாட்களில் நைட்ரேட் உருவாகி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். டச்சுக்காரரும் சாணத்தை மண்ணுக்குள் இட்டபோது காற்றில் குறைந்ததில் ஒரு பகுதி மண்ணுக்குக் கீழே கூடியது. ஒரு துளையை அடைத்தால் இன்னொன்றில் ஒழுகும் பண்டம் இது. எல்லாத் துளைக்கும் பொதுவான மருந்து, இடும் மொத்த அளவைக் குறைப்பதுதான். ஆழமாக இட்டால் குறைவாக இட்டாலே போதும் என்பதால்தான் அது மற்ற வழிகளைவிட மேலானது.

வங்கதேசத்தில் 'குட்டி யூரியா' என்ற உருண்டையை நான்கு குத்துக்கு நடுவே ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் கையால் ஊன்றுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு உரம் மிச்சம், விளைச்சலும் கூடுகிறது. நம் ஊரில் நடவுக்கே ஆள் கிடைக்காதபோது உருண்டை ஊன்ற யார் வருவார்? இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதே வழக்கம். ஆனால் ஆள் கிடைக்காத அதே காரணத்தால்தான் டெல்டாவில் நடவு இயந்திரம் பரவிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் நடவு இயந்திரத்தோடு ஓர் உரப்பெட்டியும் இருக்கும். நாற்றை ஊன்றும்போதே பக்கத்தில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் உரத்தைச் சால்விட்டுப் போகும். தனி ஆள் வேண்டாம், தனி நாள் வேண்டாம். நடவு இயந்திரத்துக்கு அரசு ஏற்கெனவே மானியம் தருகிறது. உரப்பெட்டி பொருத்திய இயந்திரத்துக்குக் கூடுதல் மானியம் என்று வேளாண்மைத் துறை அறிவிக்கட்டும். வாடகைக்கு விடும் வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களிலிருந்தே அதைத் தொடங்கட்டும். அடுத்த குறுவைக்கு மேட்டூர் திறப்பதற்குள் செய்துவிடக்கூடிய காரியம் இது.